கஞ்சி மாமா விசாரித்த வழக்கு

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஒற்றை அறையில் குடியிருப்பவரைத் தெருவே கஞ்சி மாமா என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற வேலை. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த வாசனை அவர் மேலேயே ஒட்டிவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. நடக்கும்போது முதுகு வளையாது, பேசும்போது வார்த்தை வளையாது. "அந்த மனுஷனைக் கொடியில காயப் போட்டாலும் காத்துல ஆட மாட்டார்" என்று அம்மா சொல்வாள்.

வாரத்தில் ஆறு நாள் இஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவர் ஆசிரியர். ஆராதனை தொடங்குவதற்கு முன்னால் சர்ச்சின் பின்பக்க அறையில் சண்டே ஸ்கூல் நடக்கும். உடைந்த பெஞ்சுகளும், பழுதான மைக்கும், சுருட்டி வைத்த ஜமுக்காளங்களும் அங்கேதான் கிடக்கும். நடுவில் கிடைத்த இடத்தில் எட்டு வயதுக்கு மேல், பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள். நானும் அங்கே உட்கார்ந்து எழுந்து வந்த ஆள்தான். இப்போது என் தங்கை போகிறாள். வகுப்பில் நடந்ததாக நான் எழுதுவதெல்லாம் அவள் சொன்னது. அவள் ஒன்றை இரண்டாக்கிச் சொல்கிறவள் என்பதால் மற்றப் பிள்ளைகளிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மீதியை மாமாவே சொன்னார், படியில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக.

மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குப் பேழையும் மீனும் வண்ணம் தீட்டக் கொடுப்பார்கள். மாமா வகுப்பில் வண்ணப் பென்சில் கிடையாது. அங்கே வழக்கு நேரம். ஜெபம் முடிந்ததும் அந்த வாரத்தில் தனக்கு அநியாயம் நடந்தது என்று நினைக்கிற பிள்ளை எழுந்து நிற்கலாம். அநியாயம் செய்ததாகச் சொல்லப்படுகிறவனும் எழுந்து நிற்க வேண்டும். முதுகுப்பலகை உடைந்த ஒரு நாற்காலியில் மாமா உட்கார்ந்துகொள்வார். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கேட்காமல் தீர்ப்பு கிடையாது. இதுதான் சட்டம்.

"மாமா, இவன் என் குடையை உடைச்சுட்டான்."

"உனக்கு முடிஞ்சுதா? சரி, நீ சொல்லு."

"அது ஏற்கெனவே நொண்டிக் குடை மாமா."

"நொண்டிக் குடையை எதுக்குடா எடுத்தே?"

"மழை எனக்கும்தானே பெஞ்சுது."

மாமா சிரிக்க மாட்டார். யோசிப்பார். "கேக்காம எடுத்தது உன் தப்பு. ஆனா கேட்டிருந்தா நீ குடுத்திருப்பியாம்மா? பொய் சொல்லாம சொல்லு. மாட்டே. அது உன் தப்பு. ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்க் குடையை ரிப்பேருக்குக் குடுங்க. போகும்போது மழை பெஞ்சா ரெண்டு பேரும் நனைங்க." பிறகு எல்லாரையும் பார்த்து, எந்த வழக்கு முடிந்தாலும் சொல்வதைச் சொல்வார்: "நான் ரெண்டு காதை வெச்சுக்கிட்டு இவ்வளவுதான் கேட்டேன். ஆண்டவர் நீங்க சொல்லாததையும் கேட்டிருப்பார்."

பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும். வீட்டில் "சின்னவன்தானே, விட்டுக் கொடு" என்று கேட்டுச் சலித்த பிள்ளைகளுக்கு, தங்கள் அழிப்பான் சண்டையை ஒரு பெரிய ஆள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்பது பெரிய விஷயம். வழக்கு முடிந்து பாடம் தொடங்கினாலும் அதே வாடைதான். திராட்சைத் தோட்டத்துக்காக ஏழையைக் கொன்ற ராஜா, ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரன், தம்பியை அடித்துக் கொன்ற அண்ணன். "உங்க பிள்ளைங்க கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட நியாயத்தீர்ப்பைப் பத்தித்தான் பேசுவாங்க போலிருக்கு" என்று பாஸ்டர் கேலி செய்வார். "பேசட்டும் ஐயா. சாப்பாடு நல்லா செரிக்கும்" என்பார் மாமா.

அவர் ஏன் அப்படி என்பது பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது.

மாமாவின் மனைவி, எங்களுக்கு அத்தை, அவளும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை பார்த்தாள். தையல் மேசை. கோட்டுப் பொத்தான், கிழிந்த தலையணை உறை, நாடா அறுந்த ஆபரேஷன் அங்கி, எல்லாம் அவள் கைக்கு வரும். நீளமான கட்டில் விரிப்புகளை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. அதனால் மதியத்துக்கு மேல் அவள் ஊசியை வைத்துவிட்டு இந்தப் பக்கம் வருவாள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்பார்கள். உதறி, ஒருவரை ஒருவர் நோக்கி நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். "ஒரு நாளைக்கு நூறு தடவை உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு நடந்து வர்ற வேலை எனக்கு. சம்பளம் பத்தாது" என்று அவள் சொல்வாளாம்.

ஒரு நாள் மாமாவுக்குக் காய்ச்சல். அவள் தனியாகக் காலை ஷிப்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்கு முந்தின வளைவில் ஒரு ரொட்டி வேன் அவள் மேல் ஏறியது. பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் கோர்ட்டில் சொன்னான். கம்பெனி வக்கீலும் அதையே சொன்னார். குறைந்த தண்டனை கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். போன வேகத்தில் வெளியே வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு சலவைக்கூடத்தில் மாமா சுவரில் இரண்டு ஆணி அடித்தார். விரிப்பின் இரண்டு முனையை ஆணியில் மாட்டிவிட்டு, மற்ற இரண்டு முனையோடு சுவரைப் பார்த்து நடப்பார். மாற்று ஆள் போடுகிறோம் என்று மேஸ்திரி சொன்னபோது, "ஆணி பேசாது, நல்லது" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்கு அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டார். தட்டைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு கீழே போய்த் தனியாகச் சாப்பிட்டு, கழுவித் துடைத்துத் திருப்பித் தருவார். இப்படி ஆறு வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருஷம் வகுப்புக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூட ஷூவைத்தான் போட்டுக்கொண்டு வருவாள். கதவு ஓரத்தில் உட்காருவாள். பிள்ளைகள் அவளுக்குப் 'புதுசு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லாரும் மாமா என்று கூப்பிட, அவள் மட்டும் சார் என்பாள். சில வாரம் வாயைத் திறக்காமல் மற்றவர்களின் வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரு நாள் எழுந்து நின்றாள்.

"எனக்கும் ஒரு வழக்கு இருக்கு சார்."

"யார் மேல?"

"பள்ளிக்கூடத்துல ஒரு பையன் மேல."

"அவன் வந்திருக்கானா?"

"அவன் சர்ச்சுக்கே வர மாட்டான் சார்."

பிள்ளைகள் சிரித்தார்கள். மாமா கையைக் காட்டி அடக்கினார். "சரி, என்னன்னு சொல்லு."

"எங்கப்பாவை ஆண்டவர் சும்மா விட மாட்டார்னு சொல்றான். எங்கப்பா முன்னாடி ரொட்டி வேன் ஓட்டினார். ஆஸ்பத்திரி வளைவுல ஒரு ஆன்ட்டி மேல ஏத்திட்டார். அவங்க செத்துட்டாங்க. அப்பா ஜெயிலுக்குப் போய்ட்டு வந்துட்டார். அதோட முடிஞ்சு போச்சுன்னு எங்கம்மா சொல்றாங்க. முடியலைன்னு அவன் சொல்றான். எது சரி சார்?"

மாமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார் என்றாள் என் தங்கை. எழுந்தவர் எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் மாதிரி நின்றார். வெளியே யாரோ ஆர்மோனியத்தில் பாட்டுப் பழகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ரொம்பச் சாதாரணமான குரலில் "முடியலை" என்றார்.

பெண் அவரையே பார்த்தாள்.

அன்றைய பாடம், தம்பி ஆபேலைக் கொன்ற காயீனின் கதை. அவர் அதை நின்றபடியே சொன்னார். "தம்பியோட ரத்தம் மண்ணுக்குள்ள போயிடுச்சு. யாரும் பாக்கலைன்னு அண்ணன் நினைச்சான். ஆனா அந்த ரத்தம் மண்ணுக்குள்ள இருந்து ஆண்டவரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தது. மனுஷனோட கோர்ட்டு சாயங்காலம் பூட்டிடும். அவர் கோர்ட்டுக்குப் பூட்டு கிடையாது. செஞ்சவன் எங்க போனாலும் அவர் கைக்குத் தப்ப முடியாது."

"எப்ப பிடிப்பார் சார்?"

"எப்ப வேணும்னாலும்."

அவள் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு வேறு வழக்கு எடுக்கப்படவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மாமாவுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது, மறைக்காமல் சொன்னார். ஆறு வருஷமாக வராத ஆள் தன் மகள் உருவத்தில் வந்து எதிரே நின்றுவிட்டுப் போய்விட்டான், இனி வர மாட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் அவள் அம்மா வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சலவைக்கூடத்தின் வாசலில் நின்று, சண்டே ஸ்கூல் சார் இங்கே வேலை பார்க்கிறாராமே என்று கேட்டிருக்கிறாள். அவள் கோர்ட்டுக்கு வந்ததே இல்லை. மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அப்போது எங்கே வருவாள்? மாமா யார் என்பது அவளுக்குத் தெரியாது.

"நான் சண்டைக்கு வரலை சார். என் பொண்ணு உங்க வகுப்புலதான் படிக்கிறா. அவகிட்ட என்ன சொன்னீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

"ஏம்மா?"

"ரோட்டுல அவங்க அப்பா சட்டையைப் பிடிச்சுக்கிட்டேதான் நடக்குறா. விட மாட்டேங்குறா. அவர் கடைக்குப் போனா கூடவே ஓடுறா. பள்ளிக்கூடம் விட்டதும் நேரா அவர் வேலை பாக்கிற கிடங்குக்குப் போய் மூட்டை மேல உட்கார்ந்துக்கிறா. வீட்டுக்கு வாடின்னா வர மாட்டா. ஏன்டி இப்படி உயிரை வாங்குறேன்னு கேட்டேன். ஆண்டவர் அப்பாவை எப்ப வேணும்னாலும் பிடிப்பாராம்மா. ஆனா நான் ஒண்ணும் தப்பு பண்ணலையே, நான் கூட ஒட்டிக்கிட்டு இருந்தா என்னையும் சேர்த்துத்தானே அடிக்கணும், அவர் நியாயமானவர், அடிக்க மாட்டார்ங்கிறா." அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "சண்டே ஸ்கூலுக்குப் போடின்னா, அந்த நேரத்துல அப்பாவை யார் பாத்துப்பாங்கன்னு கேக்குறா. நீங்க படிச்சுக் குடுத்ததுதான் சார். நீங்களே ஏதாவது சொல்லி எடுத்து விடுங்க."

மாமா உள்ளே போய் வேலையைத் தொடர்ந்தார். கோட்டின் மேல் வைத்த இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்து, முதுகுப் பக்கம் பழுப்பாகப் பொசுங்கிப் போனது. இத்தனை வருஷ வேலையில் அப்படி நடந்ததில்லை. "பெரியவரே, டாக்டர் முதுகுல முத்திரை குத்திட்டீங்களே" என்று மேஸ்திரி கத்தினான்.

அவரைச் சுட்டது வேறு. அந்தப் பிள்ளையின் யோசனையில் தவறு எதுவும் இல்லை. ஆண்டவர் நியாயம் தவறாதவர் என்று அவர் சொல்லிக் கொடுத்ததை, அவரைவிட உறுதியாக அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையை வைத்துத் தன்னையே கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தியிருந்தாள். எதற்கும் பயப்படாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் அந்த ஆள் தப்பித்துவிடுவான். ஆறு வருஷமாக மாமா காத்திருந்தது அதற்காக இல்லை.

அந்த ஞாயிறு வகுப்பில் என் தங்கை எழுந்து நின்றாள். அவளுக்கு வழக்கு இல்லாத வாரமே கிடையாது.

"இன்னைக்கு யார் மேல?"

"உங்க மேல மாமா."

பிள்ளைகள் 'ஓ' என்றார்கள்.

"ரெண்டு பக்கமும் கேக்காம தீர்ப்பு இல்லைன்னு நீங்கதானே சொல்வீங்க? புதுசோட அப்பாவை நீங்க கேக்கவே இல்லையே. அந்தப் பையனும் வரலை, அவங்க அப்பாவும் வரலை. யாருமே வராம நீங்களே முடியலைன்னு சொல்லிட்டீங்க. அவ இப்ப வர்றதே இல்லை. இது நியாயமா?"

வாயாடி என்று வீட்டில் திட்டு வாங்குகிறவள்தான். மாமா, "இல்லை" என்றார். "அந்தத் தீர்ப்பு செல்லாது."

அடுத்து வந்த சனிக்கிழமை சாயங்காலம் அவர் கிடங்கைத் தேடிக்கொண்டு போனார். வெங்காயமும் உருளைக்கிழங்கும் மொத்தமாக வந்து இறங்குகிற இடம். அந்த ஆள் அங்கே கைவண்டி தள்ளுகிறான். சிறையிலிருந்து வந்த பிறகு ஸ்டீரிங்கைத் தொடவில்லையாம். கோர்ட்டில் பார்த்தபோது இருந்த தொப்பை காணாமல் போயிருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. மூட்டை மேல் பெண் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஷூ நாடா அவிழ்ந்து தொங்கியது.

அவளுக்கு முன்னால் அவன் மாமாவை அடையாளம் கண்டுகொண்டான். வண்டியின் கைப்பிடியைக் கீழே வைத்தான்.

"சார்... நீங்களா?"

"வழக்கு விஷயமா வந்தேன்."

"கேஸ் முடிஞ்சு போச்சே சார்."

"அது இல்லை. உங்க பொண்ணு என் வகுப்புல ஒரு வழக்கு போட்டிருக்கா. உங்க பக்கத்தைக் கேக்காம நான் தீர்ப்பு சொல்லிட்டேன். அது தப்பு. கேக்க வந்திருக்கேன்."

அவன் மகளைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மாமா யார் என்று மகளுக்குத் தெரியாது என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. "நீ போய் அண்ணன் கடையில அப்பாவுக்கு ஒரு டீ சொல்லிட்டு வாம்மா. இங்கிருந்தே தெரியுது பாரு கடை. நான் எங்கயும் போகலை." அவள் பின்பக்கமாகவே நடந்து, அப்பாவைப் பார்த்தபடி போனாள்.

"என் பக்கம்னு ஒண்ணும் இல்லை சார்."

"எல்லாருக்கும் ஒரு பக்கம் உண்டு. சொல்லுங்க."

"பிரேக் நல்லாத்தான் இருந்தது." அதைச் சொல்லிவிட்டு அவன் கைவண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். "தூங்கிட்டேன். ராத்திரி பூரா மூணு லோடு அடிச்சிருந்தேன். கண்ணைத் திறந்தப்ப அவங்க முன்னாடி இருந்தாங்க. பிரேக்னு சொல்லுடா, உனக்கும் நல்லது கம்பெனிக்கும் நல்லதுன்னு வக்கீல் சொன்னார். வீட்ல சின்னப் பிள்ளை. சொல்லிட்டேன். அதை உங்ககிட்டயாவது சொல்லணும்னு ஒரு நாள் உங்க வேலை இடத்து வாசல் வரைக்கும் வந்தேன் சார். நீங்க உள்ள ஒரு துணியைச் சுவத்துல மாட்டி மடிச்சுக்கிட்டு இருந்தீங்க. திரும்பிப் போய்ட்டேன்."

ஒரு லாரி பின்னால் வந்து நின்றது. ஆட்கள் மூட்டை இறக்கத் தொடங்கினார்கள்.

"நீங்க ஓடிப் போனீங்களா?" என்று மாமா கேட்டார்.

"இல்லை சார். வண்டியில தண்ணி பாட்டில் இருந்தது. எடுத்துட்டு வந்து உட்கார்ந்தேன். தண்ணி கேட்டாங்க. தலையை மடியில வெச்சுக்கிட்டுக் குடுத்தேன்."

"குடிச்சாளா?"

"ஒரு வாய்."

பெண் இறங்கியிருந்த அந்த மூட்டையில் மாமா உட்கார்ந்துவிட்டார். ரோட்டில் யாரும் பக்கத்தில் இல்லாமல்தான் அத்தை போனாள் என்று ஆறு வருஷமாக நினைத்திருந்தார். கோர்ட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. சொன்னால் அனுதாபத்துக்குச் சொன்ன மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டானாம்.

"நான் மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரலை" என்றார் மாமா.

"நான் கேக்கலை சார்."

"நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வாங்க. வழக்கு போட்டவ வரலைன்னா தள்ளுபடி ஆயிடும்னு சொல்லுங்க, வருவா. நீங்க ஜன்னலுக்கு வெளிய, அவ கண்ணுல படுற மாதிரி நில்லுங்க. அவகிட்ட சிலதைச் சொல்லணும். உங்க சம்மதம் வேணும்."

அவன் தலையை ஆட்டினான். டீ வந்தது. ஒன்றுதான் சொல்லியிருந்தாள் என்பதால் அதை யார் குடிப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்றார்கள். கடைசியில் அது ஆறிப்போனது.

மறுநாள் வகுப்பில் மாமா நாற்காலியில் உட்காரவில்லை. அதை எல்லாரும் பார்க்கிற மாதிரி நடுவில் காலியாகப் போட்டுவிட்டு, கதவோரப் பெஞ்சில் புதுசுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். குட்டிப் பெஞ்சு. முழங்கால் இரண்டும் தாடை வரைக்கும் வந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

"இந்த வழக்குல நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஏன்னா நானும் இதுல ஒரு கட்சிக்காரன். இவ அப்பா வண்டியில அடிபட்டுப் போனது என் பொண்டாட்டி."

புதுசு எழுந்து ஜன்னலைப் பார்த்தாள். வெளியே அவள் அப்பா சுவரோரமாகத் தலை குனிந்து நின்றிருந்தான்.

"உட்காரும்மா. அங்கேதான் இருக்கார், பாத்துக்கிட்டே கேளு. அன்னைக்கு நான் உனக்குப் பாதிக் கதைதான் சொன்னேன். தம்பியோட ரத்தம் கூப்பிட்டது நிஜம். ஆண்டவர் அண்ணனைக் கூப்பிட்டு விசாரிச்சார், தண்டனையும் குடுத்தார். அதுவும் நிஜம். ஆனா கதை அதோட முடியலை. என்னைப் பாக்கிறவன் எல்லாம் கொன்னுடுவானேன்னு காயீன் அழுதான். ஆண்டவர் அவன் மேல ஒரு அடையாளம் போட்டார். இவன் மேல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு. தண்டிச்சவரே காவலும் போட்டார்."

"இதை ஏன் மாமா எங்களுக்குச் சொல்லவே இல்லை?" என்று என் தங்கை கேட்டாள்.

"பிடிக்கலை. அதனால சொல்லலை."

பிள்ளைகளுக்கு அது போதுமான காரணமாக இருந்தது போலிருக்கிறது. யாரும் மேலே கேட்கவில்லை.

"அப்ப முடிஞ்சுதா, முடியலையா சார்?" என்றாள் புதுசு.

"உங்க அப்பாவுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல ஒரு விஷயம் இருக்கு. எனக்கும் உங்க அப்பாவுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. ரெண்டும் முடியலை. பொய் சொல்லக் கூடாது, முடியலை. உங்க அப்பா நேத்து எங்கிட்ட உண்மையைச் சொன்னார். நான் அதைக் கேட்டேன். அவ்வளவு நடந்திருக்கு. ஆனா அந்த ரெண்டுலயும் உனக்குப் பங்கு கிடையாது. நீ காவல் நிக்க வேண்டாம்."

"நான் சட்டையை விட்டதும் அவர் பிடிச்சுட்டார்னா?"

"ஆண்டவர் ரோட்டுல ஒளிஞ்சு நின்னு ஆள் மேல வண்டி ஏத்துறவர் இல்லைம்மா. எப்ப வேணும்னாலும்னு நான் அன்னைக்குச் சொன்னது, என் கோபத்துல சொன்னது. என் ஆசையை அவர் பேர்ல சொல்லிட்டேன். பெரிய தப்பு அது. என்ன தண்டனைன்னு நீங்க எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க."

பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். ஒருவன் தோப்புக்கரணம் என்றான். ஒருத்தி, பாவம் முட்டி வலிக்கும் என்றாள். புதுசு மட்டும் யோசித்துவிட்டு, "நீங்க எங்கப்பாவை உள்ள வந்து உட்காரச் சொல்லணும் சார். வெளிய வெயில்" என்றாள்.

அது மாமாவுக்குத் தோப்புக்கரணத்தைவிடக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். பிறகு எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்க" என்றார். அவன் வந்து கதவுக்குப் பக்கத்தில், கடைசிப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"அப்ப யாரு ஜெயிச்சா?" என்றாள் என் தங்கை. தீர்ப்பு இல்லாமல் அவளால் எழுந்து போக முடியாது.

"வாய்தா" என்றார் மாமா, காலி நாற்காலியைக் காட்டி. "அவர்தான் தேதி சொல்லணும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது புதுசு கொஞ்ச தூரம் சட்டையைப் பிடித்திருந்தாள், பிறகு ஒரு விரலால் மட்டும் பிடித்திருந்தாள், தெருமுனை திரும்பும்போது விட்டுவிட்டாள். என் தங்கை இதைப் பார்ப்பதற்காகவே பின்னால் போயிருக்கிறாள்.

இதெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று சில பெற்றோர் பாஸ்டரிடம் குறைப்பட்டார்கள். அவர் மாமாவைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னார். மாமா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். வழக்கு நேரம் நடக்கிறது. பெண்ணின் அப்பா மறுபடி உள்ளே வரவில்லை. முனை வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறான்.

ஒரு நாள் படியில் உட்கார்ந்திருந்தபோது மாமாவிடம், "இப்ப நிம்மதியா இருக்கா?" என்று கேட்டேன். அப்படி இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"இல்லை" என்றார். "முன்னாடி தினமும் படுக்கிறதுக்கு முன்னாடி அவன் மேல ஆண்டவர்கிட்ட வழக்கு நடத்துவேன். அவன் என்ன சொன்னான், நான் என்ன சொல்வேன், எல்லாம் வாதம் பண்ணுவேன். சில நாள் கத்தக்கூடக் கத்தியிருக்கேன். ரூம்ல ரெண்டு பேர் இருக்கிற மாதிரி இருக்கும். இப்ப ஜெபம் பண்ண உட்கார்ந்தா எடுத்த எடுப்புல முடிஞ்சு போகுது. அதுக்கப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கேன். அவ இல்லைங்கிறது இப்பத்தான் தெரியுது."

மேலே வந்து சாப்பிடுங்கள் என்றேன். "பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் வர மாட்டார் என்று அர்த்தம். ஆனால் முன்பெல்லாம் நேராக வேண்டாம் என்றுதான் சொல்வார்.

அன்றைக்குத்தான் அவர் இன்னொன்றும் சொன்னார். அத்தை போன நாளிலிருந்து அந்த ஆஸ்பத்திரி வளைவு வழியாக அவர் போனதே இல்லை. சுற்றிக்கொண்டு பின்தெரு வழியாகத்தான் வேலைக்குப் போவார். கிடங்குக்குப் போய் வந்த மறுவாரம், வேலை முடிந்து நேராக அந்த வளைவுக்கு நடந்திருக்கிறார். எந்த இடம் என்று தெரியவில்லை. தண்ணீர் கொடுத்த ஆளிடம் அதைக் கேட்க மறந்துவிட்டார். உத்தேசமாக ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு, நடைபாதையிலிருந்து கீழே இறங்கி, ரோட்டிலேயே நின்றுவிட்டார்.

பஸ் ஒன்று அவரை உரசுகிற மாதிரி வந்து பிரேக் போட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"என்ன பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்தாச்சா?"

இதைச் சொல்லும்போது மாமா சிரித்தார். "வீட்ல யாருப்பா இருக்காங்க சொல்றதுக்குன்னு கேக்கலாம்னு நினைச்சேன். பின்னாடி ஹாரன் அடிச்சாங்க. ஓரமா வந்துட்டேன்."